எழுத்து போடாத படம்

எங்கள் வீட்டில் சினிமாவுக்குப் போவதென்றால் எழுத்து போடுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட வேண்டும். திரையில் பெயர்கள் ஓடுவதற்கு நைனா வைத்திருக்கும் சொல் அது. நைனா என்றால் அப்பா. நான் சினிமாவிலேயே வேலைக்குச் சேர்ந்து, டைட்டில் டைட்டில் என்று வீட்டில் அளந்துகொண்டு திரிந்த பிறகும் அவர் அந்தச் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. எழுத்து போய்விட்டால் அவருக்குப் படமே போய்விட்டது. கரையான்சாவடி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே, புடவை கட்ட நேரமாக்கியதற்காக அம்மாவை முறைக்க ஆரம்பிப்பார். "எழுத்துதான, நம்ம பேரா வரப்போவுது?" என்பாள் அம்மா.

நான் படங்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலையில் இருக்கிறேன். வசனமும் பாட்டும் போக மிச்சம் இருப்பதெல்லாம் என் தலையில்தான்: கதவு, செருப்பு, மழை, சைக்கிள் ஸ்டாண்டு. பத்து வருஷமாகக் காலையில் பஸ் ஏறி, ஜன்னலே இல்லாத ஒரு குளிர்ந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். வெயில் அடித்ததா மழை பெய்ததா என்பதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது படம் ஆரம்பிக்கிற இடம். ஏமாற்று வேலை அங்கேதான் அதிகம். திரை இன்னும் கறுப்பாக இருக்கும்போதே ஒரு சேவல் கூவினால் போதும், பார்ப்பவர் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்தச் சேவல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தேனியில் கூவியதும் அதுதான், தஞ்சாவூரில் கூவியதும் அதுதான். இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை. நடுத்தரக் குடும்பம் என்றால் வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் குக்கர் விசில். ஹீரோ என்றால் முகத்துக்கு முன்னால் செருப்பு, செருப்புக்கும் முன்னால் நெஞ்சுக்குள் இறங்குகிற ஒரு 'தும்'. ஆகாயத்திலிருந்து ஊரைக் காட்டினால் மெல்லிய காற்று. நிஜத்தில் அந்த உயரத்தில் டிரோனின் இரைச்சல்தான் கேட்கும், அது யாருக்கு வேண்டும். 'ஜனங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். காது அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டிருக்கும்' என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் பெரிய மேதாவி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த டைரக்டர் வந்தார். சாப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். காட்டுப்பாக்கத்தில் பிளாட். முதல் படம். தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் கையை இழந்த ஒரு தொழிலாளியின் கதை.

"முதல் எழுபது செகண்ட் ஸ்கிரீன்ல ஒண்ணுமே கிடையாது," என்றார். "டைட்டில்கூட வேண்டாம், எல்லாத்தையும் கடைசில போட்டுக்கலாம். முழு இருட்டு, சத்தம் மட்டும். ஷட்டர தூக்கறாங்க, மோட்டார் போடறாங்க, பிரஸ் ஓடுது. அந்தத் தாளம் ஆடியன்ஸுக்குப் பழகணும். பழகினப்புறம் ஒரே ஒரு அடி தப்பணும். அந்த இடத்துல எல்லாம் கப்புனு நின்னுடணும். ரெண்டு செகண்ட் நிசப்தம். அப்பதான் படமே வருது." பிறகு கொஞ்சம் தயங்கி, "பிரஸ் சத்தம் எங்கங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் கிடைக்கும் என்றேன்.

நைனா திருமழிசை எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். தகட்டை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை ஆயிரம் முறை என்று அவரே எண்ணியதில்லை. அந்த வேலையில் இருந்தவர்கள் வீட்டுக்கு வந்து கும்பிட்டால் ஏதாவது ஒரு விரல் குறையும். நைனாவுக்குப் பத்தும் இருக்கிறது. அதற்குக் காரணம் காதுதான் என்பார். அச்சு துளி விலகினாலும், மெஷின் லேசாக வழுக்கினாலும் முதலில் மாறுவது சத்தம். மாறியது தெரிந்ததும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். காதில் செருகிக்கொள்ளக் கம்பெனியில் அடைப்பான் கொடுத்தார்கள். அதைப் போட்டால் அந்த மாற்றம் கேட்காது என்று சூப்பர்வைசர் வரும்போது மட்டும் எடுத்துச் செருகிக்கொள்வார். "காத மூடிகினு ஓட்னவன்லாம் விரல உட்டான். எனக்குப் பத்தும் கீது பாரு," என்று விரித்துக் காட்டுவார். விரல்கள் தப்பித்தன, காது போயிற்று.

காதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னபோது, "நான் இன்னா செவிடனா?" என்று அவரிடமே சண்டைக்குப் போனார். "அவருக்கு வேணுங்கறது கேக்கும்," என்பாள் அம்மா. எனக்கும் அதை நம்பிக்கொள்வது சௌகரியமாக இருந்தது. எதிரில் நின்று பேசினால் பதில் வந்தது. டீவி அலறியது, எல்லா வீட்டிலும்தான் அலறுகிறது. சர்ச்சில் எல்லோரும் எழுந்த பிறகு ஒரு நொடி கழித்து எழுந்தார். முட்டிவலி என்று எடுத்துக்கொண்டோம். நாள் முழுக்கக் காதை வைத்துப் பிழைக்கிற நான், இவர் நம் வாயைப் பார்த்துப் பார்த்துத்தான் சமாளிக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை. கவனிக்க விரும்பவில்லை என்று சொன்னாலும் தப்பில்லை.

அவருடைய பழைய பிரஸ் ஷாப்பிலேயே பதிவு செய்ய ஏற்பாடானது. நைனா போய்ப் பேசி அனுமதி வாங்கினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற மெஷின்களையெல்லாம் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் எங்களுக்கு விட்டார்கள். ஓட்டுவதற்கு ஓர் ஆள் வந்தான். நைனா அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது, ஆனால் இரண்டாவது அடியிலேயே தாளம் பிடித்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் இடது உள்ளங்கையை மெஷினின் மேல் வைத்து வைத்து எடுத்தார். பழைய பாசம் என்று நினைத்து அதை போனில் படம்கூட எடுத்தேன். கடைசியில் நான் கேட்டபடி பெடலை அரைகுறையாக மிதித்து ஓர் அடியைத் தப்பவிட்டார்.

பதிவானதும் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி ஓடவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவரும் சிரித்தார்.

"சோக்கா கீதும்மா," என்றார்.

"ஒரு அடி தப்ப உட்டியே நைனா, அது எப்டி கேக்குது?"

"சோக்கா கீதும்மா."

ஒரே சத்தத்தை இரண்டு இடத்தில் போட்டிருந்தால் எந்தப் படத்திலும் உடனே கண்டுபிடித்துவிடுவேன். அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை.

அந்த எழுபது விநாடிக்கு இருபது நாள் உழைத்தேன். ஷட்டர் இடது பக்கச் சுவரிலிருந்து எழும்பும். மோட்டாரின் உறுமல் முதுகுக்குப் பின்னால் தொடங்கி, மெதுவாக ஆட்களின் தலைக்கு மேல் ஊர்ந்து முன்னால் வரும். பிரஸ்ஸின் அடி சீட்டுக்கு அடியிலிருந்து ஏறும். தகடு நழுவும் ஓசை, பெடலின் கிறீச்சு, நைனாவின் செருப்புத் தேய்வு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இடம் பார்த்து வைத்தேன். கேட்டுவிட்டு டைரக்டர், "இருட்டுல உங்க அப்பா நடமாடற மாதிரியே இருக்குங்க," என்றார். பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். இருபத்தேழு வருஷம் அவர் செய்த வேலைக்கு யாரும் கை தட்டியதில்லை. மிச்சமிருக்கிற காதும் அடைத்துப்போவதற்குள் இதை அவர் தியேட்டரில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

படம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்னால் சர்க்கரை நைனாவின் கண்ணைத் தொட்டது. கண்ணுக்குள் ரத்தம் கசிகிறது, இப்படியே விட்டால் ஒருநாள் திடீரென்று எல்லாம் இருட்டிவிடக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் காலண்டர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடித் தேதியைப் படிப்பார். பிறகு மறு கண்ணை மூடிப் படிப்பார். "யாருக்கு நைனா கண்ணடிக்கிற?" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் திரும்பவில்லை.

படம் வந்த மறுநாள், சனிக்கிழமை, பூந்தமல்லியில் மதியக் காட்சி. அம்மாவுக்கு சர்ச்சில் மாதர் கூட்டம், அதனால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "மொதல்ல கொஞ்ச நேரம் இருட்டாத்தான் இருக்கும் நைனா, அதான் படமே," என்று சொன்னேன். ஸ்டாப் தாண்டிவிடப் போகிறதே என்று வெளியே பார்த்துக்கொண்டே சொன்னேன். "ம்," என்றார்.

சத்தம் சரியாக விழுகிற இடம் பார்த்து நடு வரிசையில் உட்காரவைத்தேன். "எழுத்துல உன் பேரு எப்ப வரும்?" என்று கேட்டார். "கடைசில," என்றேன், சுவரிலிருந்த ஸ்பீக்கர்களை எண்ணிக்கொண்டே. அதற்கும் தலையாட்டினார். விளம்பரம் போனது, புகை பிடிக்காதே போனது, சென்சார் சர்டிபிகேட் வந்தது. நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுத்து வரப்போகிறதல்லவா.

இருட்டானது. வாசல் பக்கத்து விளக்கும் எரியவில்லை, நாங்கள் கேட்டிருந்தால்கூட அவ்வளவு இருட்டு கிடைத்திருக்காது. இடது பக்கத்தில் ஷட்டர் எழும்பியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மோட்டார் பின்னால் உறும ஆரம்பித்ததும் முன் வரிசையிலிருந்து ஒருவன், "ஆபரேட்டரு! தூங்கிட்டியா மாமே?" என்று கத்தினான். சிரித்தார்கள். பிரஸ்ஸின் முதல் அடி விழுந்ததும் சிரிப்பு அடங்கியது. ஐந்தாவது அடியில் அந்த ஹாலே கப்சிப். காது முடிவு செய்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது நைனாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. தன்னுடைய மெஷினை அடையாளம் கண்டுகொண்டார் என்று பூரித்துப்போனேன். பதிலுக்கு அழுத்தினேன்.

"கரண்ட் பூட்ச்சாம்மா?"

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. ஹாலுக்கே கேட்டது. "படம் ஓடுது பெருசு," என்றான் பின்னாலிருந்தவன். நைனாவின் பிடி இறுகியது. கண்ணாடியைக் கழற்றுவதும் கண்ணைத் தேய்ப்பதும் அவர் முழங்கை அசைவில் தெரிந்தது.

"ஒண்ணியும் தெர்லம்மா. ம்மா... எனக்குக் கண்ணு தெர்ல. கண்ணு பூட்ச்சிம்மா."

நாலு பேர் சிரித்தார்கள். யாரோ 'ஷ்ஷ்' என்றார்கள்.

இதை எழுதக் கூசுகிறது. அந்த நொடியில் எனக்கு எல்லாமே புரிந்துவிட்டது. காலண்டர் புரிந்தது, சோக்கா கீது புரிந்தது, அதிர்வுக்காக மெஷின்மேல் வைத்த உள்ளங்கை புரிந்தது. முகம் தெரிந்தால்தான் அவருக்குக் காது. முகத்தையும் எடுத்துவிட்டால் அவருக்கு எதுவுமே இல்லை. புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே கிடையாது. ஆனால் தப்புகிற அடிக்கு இன்னும் முப்பது விநாடிதான் இருந்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு விநாடி நிசப்தம். அங்கே இவர் கத்தினால் இருபது நாள் உழைப்பும் போயிற்று என்று எனக்குக் கோபம் வந்தது. என் அப்பாவின் மேல், மற்றவர்கள் முன்னால் மானத்தை வாங்குகிறாரே என்று நிஜமான கோபம்.

"சும்மா இரு நைனா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இருட்டில், அவரிடம் போய். என் மணிக்கட்டிலிருந்து அவர் கையைப் பிரித்தெடுத்து, சீட்டின் கைப்பிடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையில் போன் இருந்தது. அதைத் தொட்டிருந்தால் வெளிச்சம் வந்திருக்கும். நான் திரையை நோக்கிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடி தப்பியது. எல்லாம் நின்றது. அந்த நிசப்தத்தில் நான் வைக்காத ஒரு சத்தம் கேட்டது. நைனா வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு படம் வந்தது. வாளித் தண்ணீரில் முங்கிய ஒரு கை. அந்த வெளிச்சத்தில் அவர் கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு முதலில் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்க முயன்றேன். அவர் கையை உருவிக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் என் பக்கம் திரும்பவில்லை. படம் முடிந்து எழுத்து போட ஆரம்பித்த மூன்றாவது வரியிலேயே விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டார்கள். என் பெயர் அதற்கு எவ்வளவோ கீழே. ஜனங்கள் எங்கள் முழங்கால்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். வெற்றுத் திரையை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எழுந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது போனில் தட்டிக் காட்டினேன். முப்பத்து மூன்று வயதில் அப்பாவுக்கு முதன்முதலாக எழுதினேன். 'படமே அப்படித்தான் ஆரம்பிக்குது நைனா. எழுபது செகண்ட் இருட்டு. நீ பிரஸ் ஓட்டின சத்தம் மட்டும் வரும்.' போனைத் தள்ளிப் பிடித்து, உதடு அசைய அசையப் படித்தார். 'எனக்கும் கேட்டது' என்று இந்த முறை அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"நான் ஓட்னதா?"

தலையாட்டினேன்.

"எல்லாருக்கும் கேட்ச்சா?"

தலையாட்டினேன். ரோட்டைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்போ என் கண்ணு பூடலன்னு உனுக்குத் தெரியும்."

அதற்கும் தலையாட்ட வேண்டியிருந்தது.

"போனு உன் கைலதான இர்ந்துச்சி. ஒரு நிமிசம் லைட்டு காட்டியிருக்கலாமேம்மா. இன்னாத்துக்குக் காட்டல?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். போனை வாங்கி என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். மன்னிச்சிடு என்று எழுதினேன், அதையும் அழித்தேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் உண்மையை எழுதிக் கொடுத்தேன்.

'இருட்டு கெட்டுடும்னுதான் நைனா.'

இரண்டு முறை படித்தார். போனை என் கையில் கொடுத்தார். பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி, ஆண்கள் பக்கமாகப் போய், ஜன்னலோரம் வெளியே திரும்பி உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்தால் என் முகம் அவருக்குத் தெரியாது. கரையான்சாவடி வரும்வரை நான் என்ன சொல்லியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.